வாழைச்சேனையிலிருந்து திரும்பாத பயணம்: ஹெபியர் அடிகளாரும் அவரோடு போன சிறுவனும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போய்ப் பழகியவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் மனப்பாடம். பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, கிரான், பிறகு வாழைச்சேனை. முழுத் தூரமும் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழும்புவதற்குள் வந்துவிடும்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி, இதே வீதியில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி ஒரு ஸ்கூட்டர் புறப்பட்டது. அதை ஓட்டியவர் 66 வயதான அமெரிக்கக் குருவானவர், இயேசு சபையைச் சேர்ந்த இயூஜின் ஜோன் ஹெபியர் அடிகளார். பின்னால் இருந்தவர் பேட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ்ச் சிறுவன். அன்று மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. இருவரும் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. ஏறாவூர்ப் பக்கத்தில் வைத்து அவர்களுக்கு என்னவோ நடந்தது என்பதோடு கதை நின்றுவிட்டது. இதுவரை ஒருவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

நான் கிரானில் பிறந்து வளர்ந்தவன். அந்த ஆகஸ்டில் எனக்குப் பத்து வயது. அந்த ஸ்கூட்டர் எங்கள் சந்தியைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. வீதிக்கு வரப் பயந்து, சட்டி பானையோடு தோணி ஏறி, ஆற்றுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் பக்கம் ஒதுங்கியிருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஹெபியர் அடிகளார் என்ற பெயரையே பல வருடங்களின் பின், நகரத்துக்குப் படிக்கப் போனபோதுதான் கேள்விப்பட்டேன். முதலில் கேட்டது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவராக அல்ல. கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகத்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவரைப் பற்றி யாராவது எழுதுகிறார்கள். தியாகி, மறைசாட்சி, மனித உரிமைப் போராளி என்ற பட்டங்கள் வருகின்றன. அவற்றில் எதையும் நான் மறுக்க வரவில்லை. ஆனால் பாடசாலையையும் பந்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஏன் அந்த நாளில் அந்த வீதியில் இருந்தார், அவருடைய வழக்கு ஏன் இன்னும் எங்கள் வழக்காக இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

லூசியானாவிலிருந்து வந்தவர்

ஹெபியர் அடிகளார் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். அந்தப் பகுதி பிரெஞ்சு வழிவந்த மக்கள் வாழும் இடம். அதனால்தான் எழுத்தில் ஒருமாதிரியும் உச்சரிப்பில் வேறுமாதிரியும் இருக்கும் அவருடைய குடும்பப் பெயர் நம்மிடையே ஹெபியர் என்றும் ஹேபியர் என்றும் ஹேர்பேட் என்றும் பலவிதமாக எழுதப்படுகிறது. ஜெனிங்ஸைச் சுற்றி நெல் விளைகிறது, சதுப்பும் நீரோடைகளும் இருக்கின்றன. அங்கிருந்து வந்த ஒருவருக்கு வாவியும் வயலுமான மட்டக்களப்பு முழு அந்நியமாக இருந்திருக்காது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கிழக்கிலங்கையின் கத்தோலிக்கப் பணியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் பொறுப்பேற்றிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பொறுப்பு லூசியானாவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினரிடம் வந்தது. 1948இல், அதாவது இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், இளம் துறவியாக ஹெபியர் இங்கு வந்தார். பின்னாளில் மட்டக்களப்பில் மனித உரிமைப் பணிக்காக அறியப்பட்ட பெஞ்சமின் ஹென்றி மில்லர் அடிகளாரும் அதே ஆண்டில் வந்தவர்.

திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஹெபியர் அடிகளார் பணியாற்றினார். இரண்டு இடங்களிலும் அவர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர். பின்னர் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். ஊரில் அதை ஈ.ரி.ஐ. என்றால்தான் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பித்து ஒரு வேலைக்குத் தயார்ப்படுத்தும் இடம் அது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போனபோது, திருச்சபைகளின் கல்வி நிர்வாகம் நாடு முழுவதும் சுருங்கியது. பல மிஷனரிமார் காலப்போக்கில் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். தங்கியவர்களில் ஹெபியர் அடிகளாரும் ஒருவர். பெரிய கல்லூரிகளின் பெருமையிலிருந்து தொழில்நுட்ப நிலையத்தின் பட்டறைக்கு வந்த இந்த மாற்றம் அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி. பரீட்சையில் தவறியவனுக்கும் வயல்காரன் மகனுக்கும் மீன்பிடிகாரன் மகனுக்கும் கையில் ஒரு தொழில் கொடுப்பது எந்த வெற்றிக் கேடயத்திலும் வராத வேலை. 1970களில் தரப்படுத்தல் காரணமாகத் தமிழ் இளைஞர்கள் பல்கலைக்கழகக் கதவுக்கு வெளியே நின்ற காலத்தையும், 1983க்குப் பின் இயக்கங்கள் அவர்களைத் தேடிவந்த காலத்தையும் நினைத்துப் பார்த்தால் அந்த வேலையின் கனம் விளங்கும்.

ஒரு வளையமும் ஒரு பந்தும்

கூடைப்பந்தாட்டம் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளே வைத்து விளையாட விடுவதற்காக உருவாக்கியது. பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரில் கட்டித் தொடங்கிய விளையாட்டு அது. அவர் எழுதிய 13 விதிகளில் மிக முக்கியமானது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. மற்ற விளையாட்டுகளில் பலசாலி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடலாம். இதில் முடியாது. ஒரு கட்டத்தில் மற்றவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

கிழக்கில் இந்த விளையாட்டு வேரூன்றியதற்கு அமெரிக்க இயேசு சபையினர் முக்கிய காரணம். 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, அகில இலங்கை மட்டத்தில் கூடைப்பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற பாடசாலையாக வளர்ந்தது. மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானமும் இன்னொரு இயேசு சபைக் குருவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கொழும்புப் பாடசாலைகளோடு மோதி வெல்லக்கூடிய ஒன்று நம்மிடம் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒரு சிறு நகரத்துக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பது அந்தக் காலத்தில் விளையாடியவர்களைக் கேட்டால் தெரியும்.

எனக்குப் பழக்கிய சேர் அந்தப் பரம்பரையில் வந்தவர். அமெரிக்கப் பாதர்மாரிடம் பழகியவர்களிடம் அவர் பழகியிருந்தார். 1990களின் நடுப்பகுதி அது. நகரத்துக்கு வெளியே போகவும் வரவும் சோதனைச் சாவடி. பின்னேரம் ஐந்தரைக்கு மைதானத்தை விட்டு வெளிக்கிட வேண்டும். அவர் பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிடுவார். வராத பிள்ளை இருந்தால் பந்தைத் தொட மாட்டார். முதலில் ஆள் எங்கே என்று விசாரிப்பார். காய்ச்சலா, வீட்டில் வேலையா, அல்லது வேறு ஏதுமா? அந்த 'வேறு ஏதும்' என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் ஒருவன் வரவில்லை என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனார். அன்று எங்களுக்குப் பயிற்சி நடக்கவில்லை.

அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், பயிற்றுநர் என்பவர் செய்யும் முதல் வேலை எண்ணிப் பார்ப்பதுதான் என்று தோன்றுகிறது. ஐந்து பேர் மைதானத்தில், ஏழு பேர் வாங்கில். ஒருவர் குறைந்தாலும் அவருக்குத் தெரியும்.

ஹெபியர் அடிகளாரின் கதையில் எனக்கு விளங்கும் இடம் இதுதான். நாற்பது வருடங்கள் பிள்ளைகளை எண்ணிப் பழகிய ஒருவர், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கியபோது என்ன செய்வார்? போய்த் தேடுவார், கேட்பார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அரசியற் கொள்கை இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

1990: அந்த மூன்று மாதங்கள்

இளம் வாசகர்களுக்காக அந்தக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூன் 11ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. இராணுவம் திரும்பவும் மட்டக்களப்புக்குள் வந்தபோது தமிழ்க் கிராமங்களில் சுற்றிவளைப்பும் கைதும் கொலையும் தொடர்ந்தன.

ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்பது தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியம். தொடர்ந்த நாட்களில் தமிழர்கள் மீது பழிவாங்கல் நடந்தது. வீதியில் போனவர்கள், வீட்டில் இருந்தவர்கள் என்று பார்க்கவில்லை. வாழைச்சேனையிலிருந்து செங்கலடி வரை வீடுகள் எரிந்தன.

அப்படியான நேரத்தில்தான் ஹெபியர் அடிகளார் வாழைச்சேனைக்குப் போனார். அங்கே நெருக்கடிக்குள் அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளுக்கும் மக்களுக்கும் உதவவே அவர் போனார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவின் உறுப்பினர். பிள்ளையைத் தேடிவரும் தாய்மாரின் முறைப்பாட்டை எழுதி எடுப்பதும், இராணுவ முகாம் வாசலில் போய் நின்று விசாரிப்பதும் அந்தக் குழுவினரின் அன்றாட வேலை. அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1988 ஜூன் 6ஆம் திகதி, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் தனது ஆலய வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஹெபியர் அடிகளார் காணாமல் ஆக்கப்பட்டு மூன்று வாரங்களில், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களிடையே இருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மேலே நான் வரிசைப்படுத்திய ஊர்ப் பெயர்களை இப்போது திரும்பவும் வாசித்துப் பாருங்கள். முப்பது கிலோமீற்றர் வீதியில், நான்கு வாரங்களுக்குள் இவ்வளவும் நடந்தன.

எங்கள் வீட்டிலும் ஒருவர் அந்த நாட்களில் போனார். அம்மாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா. மேசன் வேலை செய்தவர். தங்கச்சிக்குப் பால்மா முடிந்துவிட்டது என்று ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சைக்கிளில் செங்கலடிக்குப் போனார். அம்மம்மா "மனே, நாளைக்குப் போகலாம்தானே" என்று சொன்னது எனக்கு ஞாபகம். மாமா சிரித்துக்கொண்டே போனார். அவரை யார் மறித்தார்கள், எங்கே மறித்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மம்மா 2011இல் சாகும்வரை அவருடைய சேட்டு ஒன்றைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

பெயர் தெரிந்தவரும் பெயர் மறந்தவரும்

ஹெபியர் அடிகளாரின் வழக்கை நாங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் வெள்ளைக்காரர், குருவானவர், வல்லரசு ஒன்றில் பிறந்தவர், உலகம் முழுவதும் கிளை பரப்பிய ஒரு துறவற சபையின் உறுப்பினர். அவரைத் தேடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் தூதரகக் கதவைத் தட்டக்கூடியவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கே பதில் கிடைக்கவில்லை என்றால், பால்மா வாங்கப்போன மேசனுக்கு என்ன பதில் கிடைக்கும்?

ஆனால் இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்த ஸ்கூட்டரில் இரண்டு பேர் இருந்தார்கள். பல கட்டுரைகளில் பேட்ரம் பிரான்சிஸின் பெயர் ஒரு அரை வசனத்தில் வந்து போகிறது. சிலவற்றில் 'ஒரு தமிழ்ச் சிறுவன்' என்பதோடு சரி. அடிகளாருக்கு 66 வருட வாழ்க்கை இருந்தது. எழுதுவதற்கு மாணவர்களும் வெற்றிகளும் படங்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு எழுதுவதற்கு முன்பே வாழ்க்கை முடிந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணிய ஒரு பயிற்றுநரை நினைவுகூர்ந்துகொண்டு, அவரோடு போன பிள்ளையை எண்ணாமல் விடுவது அவருக்கே செய்யும் குறை.

இதே போன்ற ஒன்று எல் சல்வடோரிலும் நடந்தது. 1989 நவம்பர் 16ஆம் திகதி, ஹெபியர் அடிகளார் மறைவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், அந்நாட்டுத் தலைநகரில் உள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு இயேசு சபைக் குருமாரை இராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அதே இடத்தில் சமையல் வேலை செய்த எல்பா ராமோஸும் அவருடைய 16 வயது மகள் செலினாவும் கொல்லப்பட்டார்கள். குருமாரில் ஐவர் ஸ்பெயின் நாட்டவர். அதனால் ஸ்பெயின் நீதிமன்றம் ஒன்று வழக்கை எடுத்தது. 2020 செப்டெம்பரில் முன்னாள் கேணல் இனோசென்ரே மொன்ரானோவுக்கு 133 வருடங்களுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முப்பத்தொரு வருடங்கள் சென்றுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. ஆனால் தண்டனை கிடைத்தது ஐந்து ஸ்பானியர்களின் கொலைக்காக. அந்தத் தாயும் மகளும் அந்தத் தீர்ப்பின் கணக்கில் சேரவில்லை.

இதிலிருந்து நாங்கள் எடுக்க வேண்டிய பாடங்கள் இரண்டு. முப்பது வருடங்கள் கடந்தாலும் ஒரு வழக்கு சாவதில்லை என்பது ஒன்று. அதற்காகச் சாட்சியங்களையும் ஆவணங்களையும் யாரோ விடாமல் பாதுகாத்திருக்க வேண்டும். மற்றது, கடவுச்சீட்டைப் பார்த்து வரும் நீதி எப்போதும் பாதி நீதிதான். ஹெபியர் அடிகளாருக்காக வெளியிலிருந்து ஒரு கதவு திறந்தாலும், பேட்ரமுக்காகவும் வந்தாறுமூலையின் 158 பேருக்காகவும் உள்ளூரில்தான் கதவு திறக்க வேண்டும்.

அரசின் பதில்

1994இல் ஆட்சி மாறிய பின், வடக்கு கிழக்குக்கென்று கே. பாலகிட்ணர் தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. வந்தாறுமூலை பற்றிப் பலர் துணிந்து சாட்சி சொன்னார்கள். அறிக்கை எழுதப்பட்டது. வழக்கு வரவில்லை. அதன்பின் எத்தனையோ ஆணைக்குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் அதே தாய்மார் அதே படத்தையும் அதே பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோனார்கள். இதற்குள் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் எண்ணிக்கையில் உலகிலேயே முன்வரிசையில் உள்ள நாடுகளில் ஒன்று என்ற பெயரை இலங்கை எடுத்துவிட்டது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டு, 2018இல் இயங்கத் தொடங்கியது. மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. குடும்பங்களுக்கு ஒருதடவைக் கொடுப்பனவாக இரண்டு இலட்சம் ரூபா என்ற பேச்சும் வந்தது. வறுமையில் உள்ளவர்கள் அதை எடுத்தால் நாம் அவர்களைக் குறைசொல்லக்கூடாது. ஆனால் என் அம்மா ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பியபோது, அங்கிருந்தவர் "எப்ப காணாமல் போனார்?" என்று கேட்டார். அம்மா, "அவன் காணாமல் போகல்ல, பால்மா வாங்கப் போனவன்" என்றார். அந்தப் பதிலை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

பணம், சான்றிதழ், நினைவுத்தூபி ஆகியவற்றுக்கு முன் வர வேண்டியது உண்மை. 1990 ஆகஸ்டில் அந்த வீதியில் எந்தெந்த இடத்தில் யாருடைய காவலரண் இருந்தது, யார் பொறுப்பில் இருந்தார்கள் என்பவை எங்கோ ஒரு கோப்பில் இருக்க வேண்டியவை. படையினரோடு ஊர்காவல் படையினருக்கும் ஆயுதம் கொடுத்தது அரசு. கொடுத்த ஆயுதத்துக்குக் கணக்கு அரசிடம்தான் இருக்கும். அந்தக் கோப்புகளைத் திறக்கச் சொல்வதற்கு எந்தப் புதிய ஆணைக்குழுவும் தேவையில்லை.

ஏறாவூர் என்ற பெயரைச் சொல்லும்போது

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு கவனம் தேவை. 'ஏறாவூரில் காணாமல் போனார்' என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் மனதில் உடனே ஒரு சமூகம் குற்றவாளியாகிவிடும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். அதே நேரத்தில் ஏறாவூரில் வளர்ந்த ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் எங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு அந்தப் பிள்ளையின் வீட்டில் எத்தனை பேர் செத்தார்களோ!

குருக்கள்மடத்தில் 1990 ஜூலையில் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் புதைகுழியைத் தோண்ட வேண்டும் என்று அவர்களுடைய உறவினர்கள் 2014 முதல் நீதிமன்றத்தை நாடிவருகிறார்கள். செம்மணிக்கும் மன்னாருக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் நீதி கேட்கும் நாங்கள், குருக்கள்மடத்துக்கும் கேட்க வேண்டும். அவர்களும் சத்துருக்கொண்டானுக்குக் கேட்க வேண்டும். குற்றம் செய்தவர்களுக்குப் பெயரும் பதவியும் கட்டளைச் சங்கிலியும் உண்டு. அதை விசாரிக்காமல் விடும்போதுதான் பழி முழு ஊரின் மேல் போய் விழுகிறது. உண்மை மறைக்கப்படுவதால் லாபம் அடைகிறவர்கள் உத்தரவிட்டவர்கள் மட்டுமே. நட்டம் கிரானுக்கும் ஏறாவூருக்கும்.

சமாதானக் குழுவில் இருந்த ஒரு மனிதரின் மரணத்தை இன்னொரு பகைக்கு விறகாக்குவது அவருடைய வேலையைத் திருப்பிப் போடுவதாகும்.

எங்களிடம் உள்ள வேலை

கிரான் என்று சொன்னால் வெளியூர்க்காரர் முதலில் நினைப்பது போரோடு தொடர்புபட்ட வேறு பெயர்களைத்தான். 2004 பிளவுக்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர்களில் இருந்து பிள்ளைகளை இரு தரப்பும் கொண்டுபோயின. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். விளையாட்டு மைதானத்தில் நிற்க வேண்டிய வயதில் குடும்பிமலைக் காட்டில் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்ற பட்டியலும் எங்கள் கையில் முழுதாக இல்லை.

இப்போது எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோக வருவது துவக்கு அல்ல. ஐஸ் போதைப்பொருளும், நுண்கடனும், பாடசாலை இடைவிலகலும், வெளிநாட்டு முகவர்களும்தான். மாரி வந்தால் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, அப்பாலுள்ள கிராமங்களின் பிள்ளைகள் படகில்தான் போய்வர வேண்டியிருக்கிறது. பெயர் கூப்பிட்டு, வராத பிள்ளையைத் தேடிப் போகும் ஆட்கள் இப்போதும் தேவை. ஹெபியர் அடிகளாரின் பெயரால் கிண்ணம் வைத்துச் சுற்றுப்போட்டி நடத்துவது நல்லதுதான். அதைவிட நல்லது, கிரானிலும் சந்திவெளியிலும் ஏறாவூரிலும் ஆளுக்கொரு வளையம் நட்டு, மூன்று ஊர்ப் பிள்ளைகளையும் கலந்து ஒரு அணியில் விளையாட விடுவது. கூடைப்பந்தாட்டத்துக்கு அதிகம் தேவையில்லை. ஒரு சீமெந்துத் தரை, இரண்டு கம்பம், ஒரு பந்து. கூடவே விடாமல் வரும் ஒரு பெரிய ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கல்லூரிகளில் படித்து, இன்று கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் பலர். 1990இல் இந்த வீதியில் கண்டதை, கேட்டதை எழுதி வையுங்கள். திகதி, இடம், பெயர் போட்டு எழுதுங்கள். மில்லர் அடிகளார் 2019 ஜனவரி முதலாம் திகதி மட்டக்களப்பிலேயே காலமானார். அவரோடு எவ்வளவோ ஞாபகங்கள் மண்ணுக்குள் போயின. சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல் சல்வடோர் வழக்கில் முப்பத்தொரு வருடம் கழித்து நீதிமன்றம் கேட்டது இப்படியான குறிப்புகளைத்தான்.

ஆகஸ்ட் 30 உலகக் காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். எங்களுக்கு ஆகஸ்ட் 15உம் அப்படியான ஒரு நாள்தான். இனிமேல் அந்த நாளில் விளக்கேற்றும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுவோம்: இயூஜின் ஜோன் ஹெபியர், பேட்ரம் பிரான்சிஸ். அதற்குப் பிறகு வாழைச்சேனையிலிருந்து தொடங்கி, கிரான், சந்திவெளி, சித்தாண்டி, வந்தாறுமூலை, ஏறாவூர், சத்துருக்கொண்டான் என்று ஊர் ஊராக, தமிழர் முஸ்லிம் என்று பிரிக்காமல், வராதவர்களின் பெயர்களை வாசிப்போம். நேரம் எடுக்கும். எடுக்கட்டும். என் மாமாவின் பெயர் கிரானில் வரும்.